தூளிக்குத் தடையின்மைச் சான்று

அனுப்புநர்:
பகலில் பதினான்கு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருத்தி,
லைன் வீடு, பனியன் கம்பெனிகளுக்குப் பின்புறம்,
திருப்பூர்.

பெறுநர்:
உயர்திரு அனுமதி வழங்கும் அலுவலர் அவர்கள்
(எந்தத் துறை என்பதைத் தாங்களே பூர்த்தி செய்துகொள்ளவும்).

பொருள்: குழந்தைகள் காப்பகம் – அனுமதி கோரியது – பதினேழாவது மாத நினைவூட்டு – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு. 2. அதைத் தாங்கள் திருப்பியது. 3. திருப்பியதை நான் திருப்பிக் கொடுத்தது.

ஐயா அல்லது அம்மா,

கடிதத்தின் வலது ஓரத்தில் இருக்கும் கறை ராகிக் கூழ். ஒன்றேகால் வயதுப் பிள்ளை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு எழுதுவதால் நேர்ந்தது. போன முறை ‘விண்ணப்பம் தெளிவாக இல்லை’ என்று குறிப்பு எழுதித் திருப்பினீர்கள். ஆகவே கறை எதுவென்று முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன்.

நான் பதினோரு வருசம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் நின்றவள். முதுகு போன பிறகுதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த வாரமே எதிர்வீட்டுப் பெண் ஏழு மாதக் குழந்தையைக் கொண்டுவந்து பாயில் விட்டு, “சாயந்தரம் வந்து எடுத்துக்கறனுங்க்கா” என்று ஓடினாள். தெருமுனையில் கம்பெனி வேன் ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் சாயந்தரம் என்றால் இரவு எட்டு மணி என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். காலை எட்டரைக்குப் போய் எட்டு மணிக்குத் திரும்புவதற்கு ஒன்றரை ஷிப்ட் என்று பெயர். அடுத்த மாதம் இன்னொரு பிள்ளை வந்தது. அப்புறம் அதன் தங்கச்சி. இப்போது பதினான்கு. துணைக்கு என் நாத்தனார் இருக்கிறாள். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு வந்து எனக்குச் சேர வேண்டியதைக் கொடுப்பார்கள். சம்பளம் போடாத வாரம் கொடுக்க மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததற்கு அனுமதி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒருநாள் ஒரு பயல் திண்ணையிலிருந்து விழுந்து நெற்றியில் புடைத்துக்கொண்டான். இரவு அப்பன்காரன் வந்து பார்த்துவிட்டு, “உங்களுக்கு லைசென்ஸ் இருக்குதுங்களா?” என்றான். கோபத்தில் கேட்டாலும் கேள்வி சரியான கேள்வி. ஆட்டோ ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும், மருந்துக் கடைக்கு வேண்டும், பதினான்கு உயிரை வைத்திருக்கிறவளுக்கு வேண்டாமா? ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் பிள்ளைகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டேன். அன்றைக்கு எடுத்து வைத்த கால் இன்னும் வீட்டுக்குத் திரும்பவில்லை.

முதல் அலுவலகத்தில் மனுவின் மேலே ‘குழந்தைகள் காப்பகம்’ என்றிருப்பதைப் பார்த்ததும் நாற்காலி போட்டார்கள். 2015ஆம் வருசத்துச் சிறார் நீதிச் சட்டத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லி, ஒரு பெரிய படிவத்தை எடுத்துத் தூசி தட்டினார்கள். பிறகு ஒரு கேள்வி.

“குழந்தைகளுக்கு அப்பா அம்மா இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“ரெண்டு பேருமா?”

“ரெண்டு பேரும் பனியன் கம்பெனியில பவர் டேபிள்ல தைக்கறாங்க.”

“அப்ப இங்க வராதுங்கம்மா.”

படிவம் மறுபடி அலமாரிக்குப் போய்விட்டது. அந்தச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டியவை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளின் இல்லங்கள். தாயும் தகப்பனும் உயிரோடு இருப்பது என் மனுவில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் குறைபாடு.

பள்ளிகளைப் பார்க்கிற அலுவலகத்துக்குப் போனேன். “என்ன சொல்லிக் குடுக்கறீங்க?” என்றார் அங்கிருந்தவர். சோறு ஊட்டுவது, கழுவி விடுவது, தூங்க வைப்பது என்று வரிசையாகச் சொன்னேன். “ரைம்ஸ்கூட இல்லீங்களா?” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். தமிழக அரசு 2015இல் விளையாட்டுப் பள்ளிகளுக்கு ஒரு விதித்தொகுப்புக் கொண்டுவந்தது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் வழிகாட்டு நெறி வகுத்திருக்கிறது. ஆணையத்தின் நெறிப்படி மூன்று வயது நிரம்பாத பிள்ளையைச் சேர்க்கக் கூடாது. நாளொன்றுக்கு மூன்று, நான்கு மணி நேரம்தான் நடத்தலாம். இருபது பிள்ளைக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் வேண்டும். நல்ல விதிகள்தாம். என்னிடம் உள்ள பதினான்கில் மூன்று வயது தாண்டியவர்கள் இரண்டே பேர். நேரமோ பதினொன்றரை மணி. “நீங்க விளையாட்டுப் பள்ளியும் இல்லீங்க்கா” என்று கும்பிட்டு அனுப்பினார்.

அங்கன்வாடி பார்க்கிற அலுவலகத்தில், “அது அரசாங்கம் நடத்தறதுங்க” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய திட்டம் அது. தமிழ்நாட்டில் மட்டும் ஐம்பத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. எங்கள் தெரு மையத்து டீச்சர் தங்கமானவர். என் பிள்ளைகள் நாலைந்து பேரை அவரே வந்து கூட்டிப்போய், மதியச் சோறும் முட்டையும் போட்டு, சாயந்தரம் மையத்தைப் பூட்டும்போது திரும்பக் கொண்டுவந்து விடுவார். நாலு மணிக்குள் பூட்டிவிடுவார். நாலுக்கும் எட்டுக்கும் நடுவில் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பது எந்தத் துறையின் கோப்பிலும் இல்லை. என் திண்ணையில் இருக்கிறார்கள்.

நான்காவதாக, தொழிற்சாலைகளைப் பார்க்கிற அலுவலகம். இங்கே காப்பகம் என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரிந்திருந்தது. அப்போது நடப்பில் இருந்த 1948ஆம் வருசத்துத் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 48: முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும். இதை மனப்பாடமாகச் சொன்னார் ஒரு பெரியவர். கேட்கவே காதுக்கு இனிமையாக இருந்தது.

“நீங்க தொழிற்சாலைங்களா?”

“இல்லீங்க. வீடு.”

“அப்ப நீங்க காப்பகம் வைக்கோணும்னு கட்டாயமே இல்லீங்கம்மா. நிம்மதியா வீட்டுக்குப் போங்க.”

நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். பதினான்கு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

கடைசியில் தொழில் உரிமம் கொடுக்கும் கவுண்டரில் ஒரு பையன் இரக்கப்பட்டான். பட்டியலில் விரலை ஓட்டினான். மாவு மில், லாண்டரி, கோழிக்கறிக் கடை எல்லாம் இருந்தன. கடைசி வரிசையில் ‘இதர’ என்று ஒன்று இருந்தது. “இதுல போட்டுக்கலாங்க்கா” என்றான். அன்று முதல் என் வீட்டுப் பிள்ளைகள் இதர.

இதர ஆனதும் சான்றுகள் தொடங்கின. பள்ளிக்கூடத்துக்குக் கேட்கிற அதே நான்கு: கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. பள்ளி இல்லை என்று சொன்னவர்களே பள்ளிக்கான சான்றுகளைக் கேட்டதில் ஒரு கௌரவம் இருந்தது. மறுக்க மனம் வரவில்லை.

கட்டட உறுதி பார்க்க வந்த இன்ஜினியர் சுவரைத் தட்டினார், ஓட்டைப் பார்த்தார், உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். மூன்று கொக்கிகள் தொங்கின.

“இது எதுக்குங்க?”

“தூளி கட்ட.”

படிவத்தைப் புரட்டினார். தூளிக்கு அதில் இடமில்லை. கொஞ்சம் யோசித்து, ‘மின்விசிறிக் கொக்கி – 3’ என்று எழுதினார். அரசுப் பதிவேட்டின்படி அன்று முதல் எங்கள் வீட்டில் கைக்குழந்தைகள் மின்விசிறியில் தூங்குகின்றன.

கட்டட உரிமம் என்பது 1965ஆம் வருசத்துப் பொதுக் கட்டட உரிமச் சட்டத்தின் கீழ் வட்டாட்சியர் தருவது. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் கேட்டார்கள். வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன். அவருடைய அப்புச்சி இந்த லைன் வீட்டைக் கட்டும்போது கொத்தனார் தரையில் குச்சியால் கோடு போட்டார், அதுதான் வரைபடம் என்றார். அடுத்த மழையில் அது அழிந்திருக்கும். “இதெல்லாம் கேட்டா, நான் வீட்டையே காலி பண்ணச் சொல்ல வேண்டி வருமுங்க” என்றும் பணிவாகச் சொன்னார்.

சுகாதாரச் சான்றுக்கு ஆண் குழந்தைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை கேட்டார்கள். பதினான்கில் ஒன்பது பேர் இதுவரை அந்த அறைப் பக்கமே போனதில்லை. அவர்களுக்கு வீடு முழுக்கக் கழிப்பறை. ஆனாலும் சாக்கடை மூடியை மாற்றினேன், தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போட்டேன். அதை அவர்கள் சொன்னது நல்லதுக்குத்தான்.

இதுவரை எழுதியதெல்லாம் சிரிக்க. தீயணைப்புச் சான்றைப் பற்றி மட்டும் சிரிக்க மாட்டேன். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே கருகிப்போனார்கள். சமையலறையில் பிடித்த தீ மாடியில் வேய்ந்திருந்த கீற்றுக்கு ஏறியது. படிக்கட்டு குறுகல். அந்தப் படங்கள் பேப்பரில் வந்த அன்று எங்கள் செக்கிங் மேசையில் ஒரு பெண்கூடப் பேசவில்லை. மிஷின் சத்தம் மட்டும்தான். இத்தனை சான்றும் எதற்கு என்று யாராவது கேட்டால் அந்தப் பிள்ளைகளுக்காக என்று நானே சொல்வேன்.

அந்தத் துறையிலிருந்து வந்தவர்தான், நான் பார்த்த எல்லாரிலும், காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பிள்ளைகளைப் பார்த்தவர். கீழே குந்தி ஒரு பயலின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, “இப்ப தீப்பிடிச்சா பதினாலு பேரையும் எத்தன நிமிசத்துல வெளிய கொண்டு வருவீங்க?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் போன பிறகு நானும் நாத்தனாரும் பண்ணிப் பார்த்தோம். ஆறு நிமிசம் ஆனது. பின்வாசலை மறித்து என் கல்யாணத்துப் பீரோ நின்றிருந்தது. அதை அன்றைக்கே நகர்த்தினோம். கேஸ் சிலிண்டரை வெளிச்சுவருக்கு அந்தப் பக்கம் வைத்தோம். நடக்கத் தெரிந்தவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து ரயிலாகப் போக, தவழ்கிறவர்களைப் பாயோடு இழுத்து வெளியே போட்டோம். இப்போது இரண்டு நிமிசத்துக்குள் முடிகிறது. புதன்கிழமைதோறும் செய்கிறோம், பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. சான்றுக்காக மாட்டிய மணல் வாளிதான் காலியாகிக்கொண்டே இருக்கிறது. தின்றுவிடுகிறார்கள்.

பதினேழு மாதத்தில் எனக்குப் பயன்பட்ட கேள்வி அந்த ஒன்றுதான். இரவு யார் வந்து பிள்ளையைக் கேட்டாலும் கொடுத்துவிடுவாயா என்று யாரும் கேட்கவில்லை. அழுகையை நிறுத்தாத பிள்ளையை என்ன செய்வாய் என்று கேட்கவில்லை. காய்ச்சல் வந்தால் எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பாய் என்று கேட்கவில்லை. விளையாட்டு மைதானத்தின் பரப்பளவு கேட்டீர்கள். திண்ணை என்று எழுதினேன். சதுர அடியில் எழுதுக என்று திருப்பினீர்கள்.

மனுவில் நிர்வாகியின் முத்திரை இல்லை என்று ஒருமுறை திரும்பி வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கி வந்தேன். மதியம் நான் சற்றுக் கண்ணயர்ந்தபோது அது பிள்ளைகள் கையில் கிடைத்துவிட்டது. எழுந்து பார்த்தால் எல்லார் வயிற்றிலும் ‘நிர்வாகி’. இரண்டு நாள் தேய்த்தும் போகவில்லை. எங்கள் பிள்ளைகள் அனைவரும் முறைப்படி முத்திரையிடப்பட்டவர்கள் என்பதைத் தங்கள் மேலான பார்வைக்குக் கொண்டுவருகிறேன்.

முத்திரைக்கு முன்னதாகவே இ.பி.காரர்கள் வந்துவிட்டார்கள். துறைகளுக்குள் ஒருங்கிணைப்பு இல்லை என்று யார் சொன்னது? தொழில் உரிமத்துக்கு மனுப் போட்டது எப்படியோ அவர்களுக்குத் தெரிந்து, வீட்டு இணைப்பை வணிக இணைப்பாக மாற்றிவிட்டார்கள். வீட்டுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் போயிற்று. ஆக, அனுமதி கொடுக்கும் அரசாங்கத்துக்கு நான் இன்னும் நிறுவனம் ஆகவில்லை. பில் போடும் அரசாங்கத்துக்கு எப்போதோ ஆகிவிட்டேன்.

இன்னொரு கதை. பேர் சொல்ல மாட்டேன்; சொன்னால் ஆறு தாய்மாருக்கு வேலை போகும். ஒரு பெரிய கம்பெனியிலிருந்து காலையில் சூப்பர்வைசர் வந்தார். “இன்னிக்கு பையர் ஆடிட்டுங்க்கா. எங்க லேபர் குழந்தைங்க ஆறு பேர் உங்ககிட்டதான் இருக்குது. ஒரு நாளைக்கு அனுப்பி வைங்க. நீங்களும் வாங்க, ஆயாவா நிக்கோணும்.” வேனில் போனோம். எனக்கு ஒரு நீலக் கோட்டுக் கொடுத்தார்கள். காப்பகம் என்று பலகை மாட்டிய அறைக்குள் போனால், அடடா, ஏ.சி. சுவரில் ஒட்டகச்சிவிங்கி. இரும்புத் தொட்டில் வரிசையாக. பொம்மைகள் பாலித்தீன் உறையோடு இருந்தன. அன்றைக்கு மட்டும் உறையைக் கழற்றினார்கள்.

2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டப்படி ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் இருக்க வேண்டியிருந்தது. தாய் நாளுக்கு நான்கு முறை வந்து பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் இருந்தது. அன்று தாய்மார் நான்கு முறையும் வந்தார்கள். பவர் டேபிளிலிருந்து எழுந்து வந்து, பஞ்சுத் தூசியை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நம்ப முடியாதவர்களாய் வாசலிலேயே நின்றார்கள். ஒருத்தி பால் கொடுத்தாள். ஏழு மாதமாக அவள் பகலில் பால் கொடுத்ததில்லை. ஒன்றரை மணிக்கு, துணி வாங்கும் பையர் சார்பில் ஆடிட்டுக்கு வந்த வெளிநாட்டம்மா போட்டோ எடுத்துக்கொண்டு போனார். இரண்டு மணிக்குப் பிள்ளைகள் வேனில் ஏறின. ஒரு பயல் கரடிப் பொம்மையை விடவே இல்லை. பிடுங்கி உறையில் போட்டார்கள். என் கோட்டையும் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த அறையின் சுவரில் எல்லாச் சான்றும் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. பிள்ளை மட்டும் இல்லை. என் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், சான்று மட்டும் முழுசாக இல்லை. தாங்கள் எதை வைத்துக் காப்பகம் என்று முடிவு செய்வீர்கள் என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

அதே 2017 திருத்தம் பேறுகால விடுப்பை 26 வாரம் ஆக்கியது. ஆறு மாதம். விளையாட்டுப் பள்ளி மூன்று வயதில். ஆகச் சட்டத்தின் கண்ணிலிருந்து எங்கள் பிள்ளைகள் ஆறு மாதத்தில் மறைந்து மூன்று வயதில் மறுபடி தெரிகிறார்கள். நடுவில் உள்ள இரண்டரை வருசம் எங்கே போனார்கள் என்று தேட வேண்டாம். ஊரெல்லாம் என்னைப் போன்ற அக்காக்கள் இருக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே மூன்று பேர். அவர்கள் யாரையும் எந்த அலுவலரும் வந்து பார்த்ததில்லை. அவர்கள் பலகை மாட்டவில்லை, மனுப் போடவில்லை. பலகை மாட்டாதவரை பக்கத்து வீட்டு அக்கா. மாட்டிய அன்றே அனுமதியில்லாத நிறுவனம். மூன்றாவது வீட்டில் பிள்ளைகள் இருக்கும் அறைக்கு ஜன்னலே இல்லை. அங்கே போங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் நீங்கள் போனால் பூட்டுவீர்கள். பூட்டினால் அந்தப் பிள்ளைகளும் என் திண்ணைக்குத்தான் வரும். ஜன்னல் வைக்கச் சொல்லிவிட்டு வர உங்களிடம் ஒரு படிவம் இல்லையே.

நான் கேட்பது அந்தப் படிவத்தைத்தான். பதினைந்து பிள்ளைக்குட்பட்ட வீட்டுக் காப்பகம் என்று ஒரு வகை வையுங்கள். தரைத்தளம் மட்டும், இரண்டு வாசல், பிள்ளைக்கணக்குக்கு ஏற்ற ஆள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலுதவிப் பயிற்சி, யாரிடம் பிள்ளையைக் கொடுக்கலாம் என்று எழுதி வைத்த நோட்டு. அந்தத் தீயணைப்புக்காரர் கேட்ட மாதிரி நாலு கேள்வி. எல்லாவற்றுக்கும் ஒரே மேசை. வருசத்துக்கு இரண்டு முறை சொல்லாமல் வந்து பாருங்கள், தப்பிருந்தால் எழுதிக் கொடுங்கள், திருத்தாவிட்டால் பூட்டுங்கள். நானே சாவி தருகிறேன். கறாராக இருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளின் விசயத்தில் கறாராக இருங்கள் என்கிறேன்.

முதலில் ஒரு தடவை நேரில் வாருங்கள். மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை வேண்டாம், தூங்குகிற நேரம். அப்படியே வர நேர்ந்தாலும் கதவைத் தட்டாமல் ஜன்னல் பக்கம் வந்து மெதுவாகக் கூப்பிடுங்கள். பதினான்கு பேரையும் தூங்க வைக்க ஒரு மணி நேரம் ஆகிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நிர்வாகி (முத்திரை பிள்ளைகளிடம் உள்ளது).

இணைப்பு: சான்றுகளின் நகல் – 3. நான்காவதற்காகக் காத்திருந்ததில் இரண்டுக்குக் காலம் முடிந்துவிட்டது.